பெற்றது ஒன்பது, தங்கியது ஆறு: இறந்து பிறந்த பிள்ளைகளின் பதிவைத் தேடுவோம்

(குடும்ப வரலாறு தேடுவோருக்காக ஆற்றிய உரை. நேரில் வர இயலாத வாசகர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



நம் தோட்டப்புறத்துப் பாட்டிமார்களிடம் "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆறு" என்று உடனே சொல்வார்கள். அதே பாட்டியிடம் "பெத்தது எத்தனை பாட்டி?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். பிறகு, "பெத்தது ஒம்பது, தங்குனது ஆறு" என்பார்கள்.

அந்த மூன்று பேர் எங்கே? குடும்ப மரம் வரைகிற நம் இளைஞர்கள் ஆறு கிளைதான் வரைகிறார்கள். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், எந்தக் கங்காணியின் கீழ் வந்தார், எந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார் என்றெல்லாம் தேடுகிறார்கள். நல்லது, தேடட்டும். ஆனால் பாட்டி பத்து மாதம் சுமந்து, வலி எடுத்துப் பெற்று, முகம் பார்த்தும் பார்க்காமலும் மண்ணுக்குக் கொடுத்த பிள்ளைகளை யாரும் தேடுவதில்லை. தேடினாலும் கிடைக்காது என்று நினைக்கிறார்கள்.

கிடைக்கும் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். எல்லாருக்கும் கிடைக்காது, பலருக்குக் கிடைக்கும். எங்கே தேடுவது, எப்படித் தேடுவது என்று தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், காலம் கடத்தாமல் தேட வேண்டும்.

ஏன் தேட வேண்டும்?

"செத்துப் போன பிள்ளையைத் தோண்டி எடுத்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று காரணம் சொல்கிறேன்.

முதல் காரணம், அந்தத் தாய். பிள்ளை இறந்து பிறந்தால் நம் சமுதாயம் யாரைக் குறை சொன்னது? தாயைத்தான். ராசி இல்லாதவள் என்றது. கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்றது. முந்தைய பிறவியின் பாவம் என்றது. உண்மை என்ன? மலேரியாக் காய்ச்சல் கர்ப்பிணியைப் பிடித்தால் நஞ்சுக்கொடியைத் தாக்கி வயிற்றுப் பிள்ளையைக் கொல்லும். கொக்கிப் புழு இரத்தத்தைக் குடித்துச் சோகை உண்டாக்கும். இரண்டும் நம் ரப்பர் தோட்டங்களில் குடியிருந்த நோய்கள். 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மலேரியாவோடு போராடிய டாக்டர் மால்கம் வாட்சன், தோட்டம் தோட்டமாகச் சுற்றிக் கண்டதை 1911-இல் ஒரு நூலாகவே எழுதினார். காடு வெட்டிய நிலம், ஓடையோரத்து லயம், கொசு, காய்ச்சல், சாவு! கூலி வேலைக்கு வந்த பெண் நிறைமாதத்திலும் வாளி தூக்கினாள். இதில் ராசி எங்கே வந்தது? ஒரு பழைய மருத்துவமனைச் சீட்டில் காரணம் எழுதப்பட்டிருந்தால், அறுபது வருடமாக ஒரு தாய் சுமந்த பழியை அந்த ஒரு வரி இறக்கி வைக்கும்.

இரண்டாவது காரணம், உயிரோடு இருக்கும் பிள்ளைகள். தனக்கு மூத்த ஓர் அக்காள் இருந்தாள் என்பதை ஐம்பது வயதில் தெரிந்து கொள்பவர்கள் நம்மிடையே உண்டு. தெரிந்து கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது காரணம், நம் இயக்கத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. இந்நாட்டில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலைகிற இந்தியர்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களைப் பதிவு செய்ய 2011-இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் தனியாக ஓர் இயக்கமே நடத்த வேண்டி வந்தது. அப்படிப்பட்ட ஒருவரின் வழக்கில், "உன் தாய் அந்த வருடம் இந்நாட்டில் இருந்தாள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்ற கேள்வி வருகிறது. அவருக்கு முன்னால் இறந்து பிறந்த பிள்ளையின் பதிவு ஒன்று கிடைத்தால், அதில் தாயின் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி எல்லாம் இருக்கும். அந்த ஒரு தாளால் குடியுரிமை கிடைத்துவிடாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மற்ற ஆதாரங்களோடு சேர்த்து வைக்க அது உதவும். உலகைப் பார்க்காத அந்தப் பிள்ளை, தன் தங்கைக்காகச் சாட்சி சொல்லக் கூடும்!

முதலில் சொல்லைப் பிரித்துக் கொள்ளுங்கள்

நம் வீடுகளில் "பிள்ளை தங்கல" என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு விஷயங்களைச் சொல்லிவிடுவோம். பதிவைத் தேடப் போகிறவர் இவற்றைப் பிரித்துக் கொள்ள வேண்டும். இல்லையென்றால் தவறான புத்தகத்தில் தேடி வெறுங்கையோடு திரும்புவீர்கள்.

ஒன்று, கரு கலைந்தது. சில மாதங்களிலேயே போய்விட்டது. இதற்குப் பதிவிலாகாவில் எந்தப் புத்தகமும் இல்லை. மருத்துவமனைக் குறிப்பில் மட்டுமே இருக்க முடியும்.

இரண்டு, இறந்து பிறந்தது. மாதம் ஏறக்குறைய நிறைந்து, பிறந்த பிறகு மூச்சே விடாத பிள்ளை. மலாயில் இதை 'லாஹிர் மாத்தி' என்கிறார்கள். எத்தனை வாரத்துக்கு மேல் போனால் இந்தப் பெயர் என்பதற்குச் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. நீண்ட காலமாக அது 28 வாரமாக இருந்தது.

மூன்று, பிறந்து ஒரு மூச்சாவது விட்டு, ஒரு மணி நேரமோ ஒரு நாளோ இருந்து இறந்தது. சட்டத்தின் பார்வையில் இது உயிரோடு பிறந்த பிள்ளை. ஆகவே பிறப்பையும் பதிய வேண்டும், இறப்பையும் பதிய வேண்டும். இரண்டு பத்திரங்கள் இருக்க வேண்டும்.

பாட்டி "செத்துப் பொறந்துச்சு" என்று சொன்னாலும், "அழுதுச்சா பாட்டி? கொஞ்சமாவது அழுதுச்சா?" என்று மெதுவாகக் கேளுங்கள். "ஈனமா ஒரு சத்தம் கேட்டுச்சு" என்று சொன்னால் நீங்கள் தேட வேண்டிய புத்தகமே வேறு. பதில் தெளிவாக இல்லையென்றால் இரண்டிலும் தேடுங்கள்.

சட்டத்தின் கதை

இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் பதிவு குறைவு என்று புரிய வேண்டுமானால், நம்மை ஆண்டவர்களின் நாட்டைப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுப் பிறப்புப் பதிவு 1837-இல் தொடங்கியது. இறந்து பிறந்த பிள்ளைகளைப் பதிவது அங்கே 1927 ஜூலை 1-ஆம் தேதிதான் தொடங்கியது. தொண்ணூறு ஆண்டுகள் அவர்கள் நாட்டுத் தாய்மார்களின் பிள்ளைகளுக்கே புத்தகம் கிடையாது. 28 வாரம் என்ற கணக்கும் அங்கிருந்து வந்ததுதான். 1992-இல் அவர்கள் அதை 24 வாரமாகக் குறைத்தார்கள்.

இங்கே நிலைமை இன்னும் சிக்கல். சுதந்திரத்துக்கு முன் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஒரு சட்டத்தின் கீழ். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஒரு சட்டத்தின் கீழ். ஜொகூர், கெடா போன்றவை தனித்தனியாக. ஆகவே உங்கள் பாட்டி 1930-களில் எந்த மாநிலத்தில் இருந்தார் என்பதைப் பொறுத்துப் பதிவு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தீபகற்பம் முழுவதற்கும் ஒரே சட்டமாக வந்தது 1957-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம்.

பதிவிலாகா முகப்பில் போய் "என் அக்காளின் பிறப்புப் பத்திரம் வேண்டும்" என்று கேட்டால் "இல்லை" என்று பதில் வரும். "இறப்புப் பத்திரம்?" என்றால் அதுவும் இல்லை. மூச்சு விடாத பிள்ளை சட்டப்படி வாழவில்லை. வாழாதவர் இறக்கவும் முடியாது! அந்த இரண்டு 'இல்லை'யோடு வீடு திரும்பியவர்கள்தான் அதிகம். "லாஹிர் மாத்தி பதிவைத் தேடித் தாருங்கள்" என்று தனியாகக் கேளுங்கள். வாய்மொழியாக மட்டும் கேட்காமல், எழுத்து மூலம் கொடுத்துப் பதிலையும் எழுத்து மூலம் கேளுங்கள். 'தேடினோம், கிடைக்கவில்லை' என்ற கடிதம்கூட ஒரு பதிவுதான்.

தாயைத் தேடுங்கள், பிள்ளை கிடைக்கும்

இன்றைய உரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், இதை வையுங்கள். பிள்ளைக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாதவரைப் பெயரால் தேட முடியாது. ஆகவே தாயின் பெயரால் தேடுங்கள்.

தந்தையின் பெயரால் தேடினால் என்ன? பல வேளைகளில் அது இருக்காது. நம் தாத்தா பாட்டிகள் கோயிலில் தாலி கட்டிக் கொண்டவர்கள். சிவில் பதிவு இல்லை. 1976-ஆம் ஆண்டின் திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த பிறகுதான் இந்துத் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயமானது. அதற்கு முந்திய பதிவுகளில் தந்தையின் பெயர் விடுபட்டிருக்கலாம்.

தாயின் பெயரைத் தேடும்போதும் ஓர் எச்சரிக்கை. லெட்சுமி, லட்சுமி, லச்சுமி, லெச்சிமி எல்லாம் ஒரே ஆள்தான். காது கேட்டபடி கிராணி எழுதினார், கிராணி எழுதியதைப் பார்த்து போலீஸ்காரர் எழுதினார். ஒரு பெயருக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல்களை முன்கூட்டியே எழுதி வைத்துக் கொண்டு போங்கள். 1948-இல் அவசரகாலத்தின்போது அடையாளக் கார்டு வந்தது. அதற்குப் பிந்திய காலமென்றால் தாயின் பழைய அடையாளக் கார்டு எண் உங்களுக்குப் பெரிய துணை. பழைய எண்ணைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இனி, தாயைப் பற்றிய எந்தெந்தத் தாள்களில் பிள்ளையின் சுவடு இருக்கும் என்று பார்ப்போம்.

முதலாவது, தோட்டத்துச் சம்பளக் கணக்கு. இது பலருக்குத் தெரியாத விஷயம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பெண் தொழிலாளிக்கு மகப்பேற்று விடுப்பும் உதவித் தொகையும் கொடுத்தது. அதற்கு முந்திய 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் மகப்பேற்று உதவித் தொகை இருந்தது. வேலைச் சட்டம் 'பிரசவம்' என்பதற்கு என்ன பொருள் சொல்கிறது தெரியுமா? பிள்ளை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும் அது பிரசவம்தான் என்கிறது! அங்கும் 28 வாரக் கணக்குதான் இருந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 22 வாரமாகக் குறைத்தது. அப்படியானால் என்ன அர்த்தம்? பதிவிலாகா கண்டுகொள்ளாத பிள்ளைக்கும் தோட்டத்து ஆபீஸ் காசு கொடுத்துக் கணக்கு எழுதியிருக்க வேண்டும். அதுமட்டுமல்ல, உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்துத்தான் இந்தத் தொகை கொடுக்கப்பட்டது. ஆகவே "பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை" என்ற கேள்வியைக் கிராணி கேட்டே ஆக வேண்டும்.

செக்ரோல் புத்தகத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே சில வாரங்கள் வேலை இல்லை, மகப்பேற்றுத் தொகை கொடுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அந்த வருடத்தில் பிறந்த பிள்ளை வீட்டில் யாரும் இல்லை, ஆயாக் கொட்டகைப் பட்டியலிலும் இல்லை என்றால், அங்கே நீங்கள் தேடுகிற பிள்ளை இருக்கிறது.

இந்தப் புத்தகங்கள் இப்போது யாரிடம்? பல தோட்டங்களில் கரையானிடமும் நெருப்பிடமும் போய்விட்டன. மிஞ்சியவை கை மாறிய நிறுவனங்களிடம் இருக்கலாம். ஆகவே தோட்டத்தின் பெயரோடு, அந்த வருடம் அதன் உரிமையாளர் யார், பிறகு யாருக்குப் போனது என்று ஒரு வரிசை எழுதிக் கொள்ளுங்கள். கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகிய மூன்றும் 2007-இல் ஒன்றானதை மறந்துவிடாதீர்கள். ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு போன்ற பழைய ஆங்கிலேய நிறுவனத்தின் ஆவணங்கள் லண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் துரைமார்களின் வியாபாரக் கணக்குகள். அங்கே உங்கள் பாட்டியின் பெயரை எதிர்பார்த்துப் பணம் செலவழித்துப் போகாதீர்கள்.

இரண்டாவது, கர்ப்பிணித் தாயின் அட்டை. சுகாதார நிலையத்தில், கிளினிக்கில் கொடுத்த அட்டைகளைச் சில அம்மாக்கள் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதில் 'ஜி', 'பி' என்ற எழுத்துகளும் பக்கத்தில் எண்களும் இருக்கும். 'ஜி' என்பது இதுவரை எத்தனை முறை கர்ப்பம் என்ற கணக்கு, இப்போதைய கர்ப்பத்தையும் சேர்த்து. 'பி' என்பது எத்தனை முறை பிள்ளை பெற்றார் என்ற கணக்கு. உயிரோடு பெற்றதும் இறந்து பெற்றதும் இதில் அடங்கும். அதன் பின்னால் கூட்டல் குறி போட்டு எழுதியிருப்பது கரு கலைந்த கணக்கு. எடுத்துக்காட்டாக 'ஜி 5, பி 3 + 1' என்று இருந்தால், இது ஐந்தாவது கர்ப்பம், முன்பு மூன்று பிரசவம், ஒன்று கலைந்தது. அந்த நேரத்தில் வீட்டில் இரண்டு பிள்ளைகள்தான் இருந்தார்கள் என்றால், மூன்றாவது யார்? பிறந்த பிறகு இறந்ததா, இறந்தே பிறந்ததா? அடுத்த கேள்வி அங்கிருந்து தொடங்குகிறது. கடைசிப் பிள்ளையின் அட்டை ஒன்று கிடைத்தாலே, முந்திய எல்லாப் பிரசவங்களின் சுருக்கமும் அதில் இருக்கக் கூடும்.

மூன்றாவது, மருத்துவமனையின் பிரசவப் புத்தகம். தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் டிரஸ்ஸர் எழுதிய புத்தகம். அரசாங்க மருத்துவமனை என்றால் பிரசவ அறைப் பதிவு. ஜொகூர் பக்கத்துக் குடும்பங்கள் சிங்கப்பூரையும் மறக்க வேண்டாம். பாலத்துக்கு இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் சொந்தம் என்று வாழ்ந்த குடும்பங்கள் பல. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924-இல் மகப்பேற்று மருத்துவமனையானது. பாட்டி தன் தாய் வீட்டுக்கு அங்கே பிரசவத்துக்குப் போயிருந்தால் பதிவும் அங்கேதான் இருக்கும். நீங்கள் இங்கே எத்தனை முகப்பில் நின்றாலும் கிடைக்காது.

நான்காவது, புதைக்கும் பெர்மிட். மருத்துவமனைக்கு வெளியே நடந்த சாவுகளுக்கு நம் நாட்டில் நீண்ட காலமாகப் போலீஸ் நிலையத்தில்தான் பெர்மிட் வாங்கி வந்தார்கள். தோட்டப்புறத்தில் பிறப்பையும் இறப்பையும் போலீஸ் நிலையத்தில் சொல்லிப் பதிந்த காலம் இருந்தது. தாத்தாவின் தகரப் பெட்டியில் மடித்து வைத்த மங்கலான ஒரு சீட்டு இருந்தால், மலாய் புரியவில்லை என்று வீசிவிடாதீர்கள். எடுத்துப் படம் பிடித்து வையுங்கள்.

ஐந்தாவது, சமயப் பதிவுகள். கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு ஒரு தகவல். இறந்து பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி ஞானஸ்நானம் பெறாதவருக்குத் திருச்சபை அடக்கமும் மறுக்கப்பட்டது. அதனால் ஞானஸ்நானப் புத்தகத்திலும் அடக்கப் புத்தகத்திலும் இல்லையே என்று குழம்ப வேண்டாம். ஆனால் உயிர் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தில் மருத்துவச்சியோ தாதியோ அவசர ஞானஸ்நானம் கொடுத்திருந்தால், அந்த வரி இருக்கக் கூடும். அப்படி ஞானஸ்நானம் இல்லாமல் போன குழந்தைகளின் மீட்புக்கு நம்பிக்கை உண்டு என்று 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழு ஓர் ஆவணம் வெளியிட்டது. எத்தனையோ தாய்மார்கள் அதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

சிங்கப்பூர் பிடாடாரி கிறிஸ்துவ இடுகாட்டின் அடக்கப் பதிவேடுகள் அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இடுகாடு தோண்டி எடுக்கப்பட்டு வீடுகள் எழும்பிவிட்டன, ஆனால் புத்தகம் இருக்கிறது. நம் இந்துக் குடும்பங்களில் நிலைமை வேறு. சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்போம். கருமாதி இல்லை, கல் நடுவதில்லை. தோட்டத்து இடுகாட்டின் ஓரத்தில், ஒரு செம்பருத்திச் செடியின் அடியில், யாரோ ஒரு மாமா தனியாகக் கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்திருப்பார். தாய்க்கு இடம்கூடத் தெரியாது. அந்தத் தோட்டம் இன்று செம்பனையாகவோ வீடமைப்புத் திட்டமாகவோ மாறியிருக்கும்.

காகிதம் இல்லாத இடத்தில்

ஜப்பான்காரன் காலத்தை, 1942 முதல் 1945 வரை, தேடுகிறவர்கள் மிகவும் சிரமப்படுவீர்கள். ஆண்களைச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போனார்கள். லயத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று பிள்ளை பெற்ற பெண்களுக்கு எந்தக் கிராணி எழுதினான்? பிறகு அவசரகாலத்தில் லயங்களையே வேலிக்குள் கூட்டி வைத்தார்கள். புத்தகங்கள் இடம் மாறின, தொலைந்தன. அப்படிப்பட்ட காலத்துக்குக் காகிதத்தைத் தவிர வேறு சாட்சிகளைப் பாருங்கள்.

ஒரு சாட்சி, பெயர். குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள், மூக்கன், தவிட்டம்மாள். நம் இளைஞர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்காதீர்கள்! முன்னால் பிறந்தவை தங்காமல் போனபோது, இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று குப்பையில் உருட்டி எடுத்தார்கள், பிச்சையாக வாங்கினார்கள், மூக்குக் குத்தினார்கள், தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள். எமனுக்குப் பிடிக்காத பெயரை வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்தார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்தும் தாத்தாவின் நினைவாகவும் இதே பெயர்களை வைப்பது உண்டு. ஆகவே பெயர் மட்டும் போதாது. ஆனாலும் உங்கள் தாத்தா பெயர் பிச்சை என்றால், அவருக்கு முன்னால் யாராவது இருந்தார்களா என்று கேளுங்கள்.

இன்னொரு சாட்சி, இடைவெளி. பிள்ளைகளின் பிறந்த வருடங்களை வரிசையாக எழுதுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று வந்த வரிசையில் திடீரென்று ஐந்து வருடம் காலியாக இருந்தால், அங்கே ஒரு கேள்விக்குறி போடுங்கள். முடிவு எழுதிவிடாதீர்கள். தாத்தா ஊருக்குப் போயிருக்கலாம், யுத்தம் பிரித்திருக்கலாம். இடைவெளி என்பது கேள்வி மட்டும்தான்.

எப்படிக் கேட்பது?

இதுதான் கடினமான பகுதி. கவனமாகச் செய்யுங்கள்.

கூட்டத்தில் கேட்காதீர்கள். தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார வேண்டாம். தனியாக, பெண் பிள்ளை ஒருத்தி, பாட்டிக்குத் தலை வாரிவிடும்போது கேட்கட்டும். தேதியைக் கேட்காதீர்கள், பாட்டிக்குத் தேதி தெரியாது. "பெரிய வெள்ளத்துக்கு முன்னாலயா பின்னாலயா? பெரிய மாமா நடக்க ஆரம்பிச்சிட்டாரா? எந்த லயத்துல இருந்தீங்க? மருத்துவச்சி யாரு?" என்று கேளுங்கள். ஆணா பெண்ணா என்று கேளுங்கள். பெரும்பாலான தாய்மார்களுக்கு அது மறப்பதில்லை.

அழுதால் அழ விடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அது அவருடைய துக்கம். நம் ஆராய்ச்சிக்காக அதைப் பிடுங்க நமக்கு அனுமதி இல்லை. சில பாட்டிகள் மறு வாரம் தாமாகவே கூப்பிட்டுச் சொல்வார்கள். பாட்டி உயிரோடு இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் பதிவிலாகாவுக்கும் மருத்துவமனைக்கும் போகாதீர்கள். முடிந்தால் அவரையே அழைத்துப் போங்கள்.

சம்மதித்தால், சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார், யார் எழுதினார் என்று குறித்து வையுங்கள். குடும்பத்தில் யாருக்காவது ஆவணப் பிரச்சினை இருந்தால், 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரமாணமாகவே செய்து வைப்பது நல்லது. பாட்டியின் வாய்ச்சொல் பாட்டியோடு போய்விடும். கையெழுத்தோ கைநாட்டோ வைத்த தாள் நிற்கும்.

கிடைத்ததை எங்கே எழுதுவது?

குடும்ப மரத்திலேயே எழுதுங்கள், அடிக்குறிப்பில் வேண்டாம். பெயர் இல்லையென்றால் புதிதாக நீங்கள் பெயர் வைக்காதீர்கள். அந்த உரிமை தாய் தகப்பனுக்குத்தான். 'பெண் குழந்தை, இறந்து பிறந்தது, இந்த வருடம், இந்தத் தோட்டம், தாய் இன்னார்' என்று எழுதினால் போதும். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் கலக்காமல் தனித்தனியாகக் குறியுங்கள். பிறந்த வரிசையில் அதன் இடத்தைக் கொடுங்கள். மூன்றாவதாகப் பிறந்திருந்தால் மூன்றாவது இடம். அதற்குப் பிறகு வந்தவர் நான்காவது. ஆறு கிளை மரம் ஒன்பது கிளை மரமாகட்டும்.

நாம் கேட்க வேண்டியது

தனி மனிதராக நாம் செய்யக் கூடியதைச் சொன்னேன். சமுதாயமாகச் செய்ய வேண்டியதும் உண்டு. தோட்டம் கை மாறும்போதும் மூடப்படும்போதும் வீடு கொடு, நஷ்டஈடு கொடு என்று கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அதே மகஜரில் இன்னும் இரண்டு வரி சேருங்கள். செக்ரோல், ஆஸ்பத்திரிப் புத்தகம், பிரசவப் பதிவு இவற்றைக் கொளுத்தாமல் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது ஒரு வரி. 1957 முதல் இயங்கிவரும் காப்பகம் அது. துரைமார்களின் கோப்புகள் அங்கே இருக்கும்போது நம் தாய்மார்களின் பெயர்ப் பட்டியலும் இருக்க வேண்டும். இடுகாட்டை, கல் இல்லாத ஓரத்தையும் சேர்த்து, அளந்து வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பது இன்னொரு வரி. கல் இல்லாததால் அது காலி நிலம் ஆகிவிடாது.

தோட்டத்துக் கமிட்டிகளிலும் கோயில் நிர்வாகங்களிலும் இருக்கிற அன்பர்களே, இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு தோட்டத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம், எழுதத் தெரிந்த இரண்டு பெண்கள், பேச விரும்புகிற பாட்டிகளின் பட்டியல். இவ்வளவுதான் வேண்டும். எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிற பாட்டிகள் இன்னும் எத்தனை வருடம் நம்மோடு இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். காப்பகம் நாளைக்கும் திறந்திருக்கும், பதிவிலாகா நாளைக்கும் திறந்திருக்கும். ஆகவே முதலில் பாட்டியிடம் போங்கள், பிறகு முகப்புக்குப் போங்கள்.